பூசையில் வைத்த துவக்கு

அந்தத் துவக்கு சாப்பாட்டு மேசைக்கு வந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. இருபதாகவும் இருக்கலாம். கராஜ் கூரை ஒழுகத் தொடங்கிய சனிக்கிழமையை முதல் நாளாக எடுப்பதா, அடுத்த நாளையா என்று என் நாட்குறிப்பில் நான் தெளிவாக எழுதவில்லை. எப்படியோ, அத்தனை நாளும் கடல் கடந்த மனுரேவாவில் அக்காவின் வீட்டில் நான்கு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்துதான் சாப்பிட்டோம். மேசையின் நீளத்துக்கு ஒரு பழைய துவாய். அதன்மேல் துவக்கு. அதன்மேல் இன்னொரு துவாய்.

"இஞ்சருங்கோ, உதை ஒண்டில் சுடுங்கோ, இல்லாட்டிக் கட்டி வையுங்கோ" என்று செல்வநாயகி அக்கா சொன்னாள். "ரெண்டில ஒண்டு. பிணம் கிடத்தின மாதிரி எத்தினை நாளைக்கு?"

"கராஜுக்குள்ள வைச்சா மரம் ஊதிப்போம்" என்றார் கதிர்காமநாதன் அத்தான், பருப்பில் சோற்றைப் பிசைந்தபடி.

"அப்ப சுடுங்கோவன்."

"சுடலாம். யோசிக்கிறன்."

"ரெண்டு வருசமாக் கடைஞ்சியள், ராவினியள், தேய்ச்சியள். அப்பவெல்லாம் யோசிக்கேல்லையோ?"

செல்வநாயகி அக்கா என் பெரியப்பாவின் மகள். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. மாலையில் வரும்போது கையெல்லாம் நீராவியில் ஊறி வெளுத்திருக்கும். அத்தான் ஒனிஹங்காவில் பம்புகளுக்கு உதிரிப்பாகம் கடையும் பட்டறை ஒன்றில் பிற்றர், இயந்திரப் பொருத்துநர். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு எழுபத்தெட்டில் இங்கே வந்தவர். மகள் கௌரி அவர்கள் வந்த வருடமே பிறந்தாள். நான் எண்பத்தைந்தில் வந்து, பகலில் அயலிலுள்ள குதம் ஒன்றில் பெட்டி கட்டிக்கொண்டு, செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பில் தொழில்நுட்ப வரைபடம் படித்துக்கொண்டிருந்தேன். இது எண்பத்தாறு.

துவக்கின் கதை இதுதான். அத்தானின் பட்டறையில் தேநீர் நேரத்தில் வேட்டைக் கதைதான் நடக்கும். ஒவ்வொருவரிடமும் ஒரு துவக்கு இருந்தது. அத்தானும் லைசன்ஸ் எடுத்தார். ஆனால் கடையில் துவக்கு வாங்கவில்லை. பழைய பொருட்கள் விற்கும் ஒருவனிடம், மரமில்லாமல் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய இராணுவத் துவக்கின் இரும்பை மட்டும் சும்மா போல வாங்கிவந்தார். குழலை வெட்டிக் குறுக்கினார். இடித்த வீடொன்றின் தரை மரத்திலிருந்து பிடி செதுக்கினார். ரிமு என்ற அந்த உள்ளூர் மரம் எண்ணெய் குடிக்கக் குடிக்கச் சிவந்து வந்தது. திருகாணிகளைக்கூட பட்டறையில் மிச்சம் விழுந்த துண்டுகளில் அவரே கடைந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை நான் அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"காட்டுப் பண்டி சுடப்போறாராம்" என்பாள் அக்கா, சமையலறையில் என்னிடம். "சுட்டு ஆர் தின்னுறது? முட்டை போட்ட கேக்கையே மூண்டு தரம் மணந்து பார்க்கிற மனுசன்."

"கிளெமென்டுக்குக் குடுக்கலாம்" என்று முன்னறையிலிருந்து அத்தானின் குரல் வரும்.

"கிளெமென்டுக்கு இறைச்சி குடுக்கவோ ரெண்டு வருசம் கராஜுக்குள்ள கிடந்தனீங்கள்? அங்கை ஊரில துவக்குக்குப் பயந்து சனம் ஓடுது. இஞ்சை நான் துவக்கைச் சுத்தித் தூசி தட்டுறன்."

கிளெமென்ட் மன்னார் ஆள். அதே பட்டறையில் வெல்டர். வருடத்தில் ஆறு தரமாவது வேட்டைக்குப் போகிறவர். அவர்தான் அந்தப் பிரச்சினையைத் தொடக்கிவைத்தவர் என்றும் சொல்லலாம்.

"அண்ணை, வடிவா இருக்கு" என்று துவக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார். "ஆனா தோட்டாவுக்குப் பின்னால எவ்வளவு இடைவெளி இருக்கெண்டு அளந்தனீங்களோ?"

துவக்கின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் தண்டை போல்ட் என்பார்கள். அதைப் பின்னுக்கு இழுத்தால் துவக்கு திறக்கும். தள்ளி மடக்கினால் பூட்டும். பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையில் ஒரு மயிரளவுதான் இடைவெளி இருக்கலாம். கூடினால், சுடும்போது பித்தளைக் கோது கிழிந்து, நெருப்பும் வாயுவும் பின்னால் வரும். பின்னால் இருப்பது சுடுகிறவரின் வலது கண். அதற்குக் கொஞ்சம் கீழே அவருடைய கை.

"பப்பாகுராவில துவக்குத் திருத்துற கிழவன் ஒருத்தன் இருக்கிறான். அவனிட்ட அதுக்கு அளவுகட்டை இருக்கு. கொண்டு போங்கோ, அஞ்சு நிமிசம்" என்றார் கிளெமென்ட்.

அத்தானின் முகம் மாறியது. "நான் செய்த வேலையை இன்னொருத்தன் சரி பார்க்கிறதோ? நான் ஊரிலேயே பதினொரு வருசம் பிற்றர், ஐசே."

"ஐயோ, அண்ணை! டொக்டருக்கும் காய்ச்சல் வந்தால் டொக்டரிட்டத்தானே போறான்?"

அத்தான் போகவில்லை. தானே அளந்தார். வெற்றுத் தோட்டாக் கோதின் அடியில் மெல்லிய ஒட்டுப்பேப்பரை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, எத்தனையாவது பேப்பரில் போல்ட் இறுகிப் பூட்ட மறுக்கிறது என்று பார்த்தார். நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன். முதல் தரம் இரண்டு பேப்பர். இரண்டாம் தரமும் இரண்டு. மூன்றாம் தரமும் இரண்டு. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைக்க, "எதுக்கும் இன்னொருக்கா" என்று அத்தான் நாலாவது தரம் அளந்தார். இம்முறை நாலு பேப்பர் போன பிறகுதான் இறுகியது, அதாவது இடைவெளி இரண்டு மடங்கு.

அவர் போல்ட்டைத் திறந்து கோதை வெளியே எடுத்தார். பிறகு, "பேப்பர் நசிஞ்சு மெலிஞ்சு போச்சுப் போல. அதை எழுதாதை பிள்ளை" என்றார்.

நான் எழுதவில்லை. அதாவது, அந்தக் கொப்பியில் எழுதவில்லை. என் நாட்குறிப்பில் பென்சிலால் எழுதினேன். அப்படிச் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும் என்றால், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் இந்த யோசனை. சுடுவதென்றால் அந்த நாலு பேப்பர் அவருக்கு ஞாபகம் வரும். கட்டி வைப்பதென்றால், தன் வேலையில் தனக்கே நம்பிக்கையில்லை என்று பட்டறை முழுவதற்கும் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். தேநீர் நேரத்தில் தினமும் கேட்டார்களாம், இன்னும் சுடவில்லையா என்று. வீட்டுக்கு வந்தால் அக்கா கேட்பாள். இடையில் மழை. செப்டெம்பர் முடிந்து ஒக்டோபர் வந்தும் மழை விடவில்லை. உடுப்புகள் முன்னறையில் ஹீட்டருக்கு முன்னால் கதிரைகளில் காய்ந்தன, மேசையில் துவக்கு, நடக்க இடமில்லை.

நவராத்திரி வந்தது. அவலும் சர்க்கரையும், கடலைச் சுண்டல், ஒன்பது நாளும் ஏதோ ஒன்று. படங்கள் வைக்கவும் மேசை வேண்டும் என்றாள் அக்கா. அத்தான் அசையவில்லை. இஸ்திரிப் பலகையில் வெள்ளைத் துணி விரித்து மூன்று தேவிமாரையும் வைத்தோம். கௌரி ஓடுகிற போதெல்லாம் அது ஆடியது.

சரஸ்வதி பூசை சனிக்கிழமை. அத்தானுக்கு அன்று ஓவர்டைம். வீட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் ஆயுதமும் பூசைக்கு வர வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பு. அத்தானின் மைக்ரோமீட்டர், அரங்கள், அக்காவின் கத்தரிக்கோல், கௌரியின் பள்ளிப் புத்தகங்கள், என்னுடைய வரைபடப் பெட்டி. எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தவள், நிமிர்ந்து மேசையைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"பிள்ளை, அந்தப் பக்கம் பிடி."

"அக்கா, இதையுமோ?"

"ஏன், இது ஆயுதமில்லையோ? இருந்து பார். சாமியிட்ட வைச்ச பொருளை அவர் தொடமாட்டார். பூசை முடிய அப்பிடியே சுத்தி, சாமி அலுமாரிக்கு மேல ஏத்திவிட்டால் அலுவல் முடிஞ்சுது. அவரும் சுடேல்லை, நானும் தடுக்கேல்லை."

போல்ட்டை அத்தான் எப்போதும் கழற்றி வேறாகப் பூட்டி வைப்பார். ஆகவே வெறும் குழலும் மரமும்தான். இருவருமாகத் தூக்கி இஸ்திரிப் பலகைக்குக் கீழே சாய்த்துவைத்தோம். அக்கா பிடியில் மூன்று குறி இழுத்தாள். குழலின் வாயில் கட்டையான சந்தனமாக எடுத்து விரலால் அமத்தி ஒரு பொட்டு வைத்து, அதில் வேலியோரத்துக் கமீலியாப் பூ ஒன்றைச் செருகினாள். வடிவாக இருந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அத்தான் மூன்று மணிக்கு வந்தார். மேசை வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். பிறகு இஸ்திரிப் பலகையின் கீழே பார்த்தார். அக்கா சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்தாள். ஆனால் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து விழுந்து கும்பிட்டார்.

"நல்ல வேலை செய்தீர்" என்றார் எழும்பி. "எனக்கு இது தோன்றேல்லை பாரும். மூண்டு கிழமையா மண்டையைப் போட்டு உடைச்சன்."

"ஓம், இனி அது சாமியின்ர" என்றாள் அக்கா.

"அதெப்பிடி? பூசையில வைச்ச ஆயுதத்தை விசயதசமி அண்டைக்கு எடுத்து வேலை தொடக்க வேணுமெல்லே. நாளைக்கு விடியச் சுடுறது. கிளெமென்டுக்கு போன் எடுக்கிறன்."

அக்காவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"அது... அது படிக்கிற ஆக்களுக்கு. பிள்ளையளுக்கு."

"அப்ப என்ர மைக்ரோமீட்டர்? போன வருசம் நானே ஒரு பித்தளைத் துண்டை அளந்து தொடக்கினன். நீர்தான் பிடிச்சு இருத்தினீர். எடுக்காமல் விட்டால் வருசம் முழுக்க வேலை படுத்திடுமெண்டு சொன்னது ஆர்?"

கௌரி தன் புத்தகங்களைக் காட்டி, "மம், யூ செட் எவ்ரிதிங்!" என்றாள், எல்லாவற்றுக்கும்தானே அப்படிச் சொன்னாய் என்பதுபோல. போன வருடம் காய்ச்சலோடு அவளை எழுப்பி உட்காரவைத்து அரிச்சுவடி எழுதவைத்ததை அவள் மறக்கவில்லை.

"நீ வாயை மூடு" என்றாள் அக்கா. சுண்டலை அள்ளிக் கிண்ணங்களில் போட்டாள். பாதி வெளியே விழுந்தது. "நான்தான் வைச்சன். என்ர கையாலதான் வைச்சன்" என்று அடுப்படியில் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கௌரியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மாசி என்ற ஊருக்கு அப்பால் கிளெமென்டுக்குத் தெரிந்த ஒருவரின் பண்ணைக்குப் போனோம். அக்கா சேலைக்கு மேலே அத்தானின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு முன் சீற்றில் இருந்தாள். வர வேண்டாம் என்று அத்தான் சொன்னதற்கு, "கண் போனால் பிடிச்சுக்கொண்டு வர ஆள் வேணுமெல்லே" என்றாள். அவளுடைய மடியில் புளிச்சோற்றுப் பார்சல்.

பண்ணையின் பின்பக்கம் ஒரு மண் மேடு. அதன் முன்னால் கிளெமென்ட் ஒரு காகிதத்தைக் குத்திவைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய லொறி டயரும், நீளமான கயிறும்.

"இதென்ன?" என்றார் அத்தான்.

"துவக்கை டயரில கட்டிப்போட்டு, அந்த மரத்துக்குப் பின்னால நிண்டு கயிறால விசையை இழுக்கிறது. முதல் வெடி எல்லாரும் அப்பிடித்தான் வைக்கிறவை அண்ணை."

"கட்டிப்போட்டு இழுக்க அதென்ன மாடோ? விசயதசமிக்குக் கையால தொடக்க வேணும், கயிறால இல்லை."

"கயித்தையும் கையாலதானே இழுப்பியள்!"

"நான் தோளில வைச்சுத்தான் சுடுவன்."

கிளெமென்ட் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "சரி. போல்ட்டைப் போட முதல் ஒருக்காத் தாங்கோ" என்று வாங்கி, குழலை வானத்துக்கு உயர்த்தி ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணால் பார்த்தார்.

"அண்ணை, இருட்டா இருக்கு."

"என்ன இருட்டு? கண்ணாடி மாதிரி மினுக்கி வைச்சனான்."

"வெளிச்சமே தெரியேல்லை. நீங்கள் பாருங்கோ."

அத்தான் பார்த்தார். பூவை அவர் காலையில் எடுத்திருந்தார். ஆனால் பூசைப் பொட்டைத் துடைக்க மனமில்லாமல் விட்டிருந்தார். கிளெமென்ட் துப்புரவுக் கம்பியைப் பின்பக்கத்தால் விட்டுத் தள்ள, முன்னால் விரல்நுனி அளவுக்குக் காய்ந்த சந்தனக் கட்டி ஒன்று, பூக்காம்பும் சேர்ந்து புல்லில் விழுந்தது.

"யேசுவே" என்றார் கிளெமென்ட். "இதோட சுட்டிருந்தால் குழல் வெடிச்சிருக்கும். கண் மட்டுமில்லை."

அக்கா அந்தச் சந்தனத்தையே பார்த்தாள். அவளுடைய வாய் கோணியது. "நான் வாயை அடைக்கோணுமெண்டு வைக்கேல்லை" என்றாள். "பொட்டெண்டுதான் வைச்சன்."

"உம்மை ஆரும் பேசேல்லை" என்றார் அத்தான். அவருடைய காதுகள் சிவந்திருந்தன. "நான் பார்த்திருக்க வேணும். ஒரு பழகுநர் பெடியன் செய்தாலே செவிட்டில அறைஞ்சிருப்பன்." இரண்டு தரம் கம்பியில் துணி சுற்றிக் குழலைத் துடைத்தார். வானத்துக்குப் பிடித்துப் பார்த்தார். போல்ட்டைப் போட்டார். "சரி. இப்ப துப்புரவா இருக்கு. தோட்டாவைத் தாரும்."

அவர் தோளில் வைத்துப் பழகிப் பார்ப்பதை நான் பார்த்தேன். கன்னம் அந்தச் சிவந்த மரத்தில் படிந்தது. கண்ணுக்கு நேர் முன்னால் போல்ட்.

"அத்தான், நாலாம் தரம் நாலு பேப்பர்."

"என்ன?" என்றார் கிளெமென்ட்.

"அளக்கேக்க. மூண்டு தரம் ரெண்டு பேப்பர். நாலாம் தரம் நாலு. எழுத வேண்டாமெண்டு சொன்னவர். நான் எழுதி வைச்சிருக்கிறன்."

தூரத்தில் மாடொன்று கத்தியது. அத்தான் துவக்கைத் தாழ்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமா, வேறேதாவதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அக்காதான் முதலில் அசைந்தாள். நேரே போய்க் கயிற்றை எடுத்து அத்தானின் நெஞ்சில் எறிந்தாள். "கட்டுங்கோ."

அவர் கட்டினார். கட்டுகிறதென்றால் சும்மா இல்லை. டயரில் நான்கு இடத்தில் கட்டி, அசைத்துப் பார்த்து, அவிழ்த்து மறுபடி கட்டினார். தோட்டாவைப் போட்டுப் பூட்டினார். விசையில் மெல்லிய நூற்கயிறு கட்டி, மரத்துக்குப் பின்னால் நாங்கள் நால்வரும் ஒதுங்கினோம். கயிற்றை இறுக்கிப் பிடித்தார். விட்டார். "பொறும், காத்து அடிக்குது" என்றார். மறுபடி இறுக்கினார். "கட்டு இளகின மாதிரிக் கிடக்கு. ஒருக்காப் போய்ப் பாத்திட்டு..."

"தோட்டா போட்டாச்சு, இனி ஒருத்தரும் கிட்டப் போகப்படாது!" என்றார் கிளெமென்ட்.

"சரி, சரி. ஒண்டு... ரெண்டு... பொறும்."

மழை பலமாகத் தொடங்கியது. மழைக்கோட்டின் தொப்பியிலிருந்து அக்காவின் மூக்கில் தண்ணீர் சொட்டியது. "ரெண்டு வருசமும் மூண்டு கிழமையும்" என்று பல்லைக் கடித்தாள். கயிற்றைப் பிடுங்கி, கிணற்றில் வாளி இழுப்பதுபோல இரண்டு கையாலும் ஒரே இழுவை.

வெடிச் சத்தம் மேட்டில் பட்டுத் திரும்பியது. காகங்கள் இல்லாத நாட்டில் வேறெதுவோ பறவைகள் எழும்பின. டயர் ஒரு துள்ளல் துள்ளி நின்றது. மெல்லிய புகை.

"முழுசா இருக்கு!" என்று கத்தினார் அத்தான். "பாத்தீரே? முழுசா இருக்கு!"

ஓடிப்போய்ப் போல்ட்டை இழுத்தார். பித்தளைக் கோது வெளியே வந்து புல்லில் விழுந்தது. அவர் எடுத்துத் துடைத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து உருட்டினார். கோதின் அடிக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிவர ஒரு மினுக்கமான வளையம். ஓரிடத்தில் அந்த வளையத்தில் நகக்கீறல்போல ஒரு வெடிப்பு. கிளெமென்டுக்குக் காட்டினார். கிளெமென்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கோது பிரிய வெளிக்கிட்டிருக்கு" என்றார் அத்தான். "அடுத்ததிலயோ, அதுக்கடுத்ததிலயோ முகத்துக்கு வந்திருக்கும். நாலு பேப்பர்தான் சரி."

மிச்சம் இரண்டு தோட்டாக்களையும் கிளெமென்டிடம் திருப்பிக் கொடுத்தார். கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மரத்தில் கயிறு உரசிய இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு போல்ட்டைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

"இந்தாரும். இது இல்லாமல் அது வெறும் தடி. எங்கையாவது வையும். எங்கை வைச்சனீர் எண்டு எனக்குச் சொல்லாதையும்."

அக்கா அதைப் புளிச்சோறு சுற்றிவந்த பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டாள். புளிச்சோற்றைக் காருக்குள் இருந்து கையால் சாப்பிட்டோம். யாரும் அதிகம் சாப்பிடவில்லை. அத்தான் காரை எடுத்தார். மோட்டர்வேயில் ஏறினோம்.

"எவ்வளவு பிழை?" என்று அக்கா கேட்டாள்.

"என்ன?"

"அளவு. எவ்வளவு பிழையெண்டு கேக்கிறன்."

"ரெண்டு பேப்பர். ஒரு மயிர்க் கனம்."

"அவ்வளவுதானோ?" அக்கா சீற்றில் திரும்பி உட்கார்ந்தாள். "ஒரு மயிருக்கோ ரெண்டு வருச வேலையைக் கொண்டுபோய் மூலையில போடப்போறியள்? திருத்தேலாதோ?"

"திருத்தலாம். போல்ட்டின்ர தலை தனியாக் கழலும். கொஞ்சம் நீளமான தலை ஒண்டு போட்டால் சரி. அதுக்கு அளவுகட்டை வேணும், அந்தக் கிழவனிட்டப் போகவேணும்."

"போங்கோ. வாற சனிக்கிழமை போங்கோ."

அத்தான் வீதியை விட்டு அவளைப் பார்த்தார். கார் கோட்டைத் தாண்டியது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். "நீர்தானே பிள்ளை குட்டி இருக்கிற வீட்டில துவக்கைக் கட்டி வையுங்கோ எண்டு மூண்டு கிழமையா என்ர உயிரை வாங்கினீர்?"

"நான் இப்ப சுடச் சொன்னனானோ? திருத்தச் சொல்லுறன். பிழையான சாமானை வீட்டுக்குள்ள என்னெண்டு வைக்கிறது?"

"அப்ப போல்ட்டைத் தாரும்."

"தரமாட்டன்."

"போல்ட் இல்லாமல் என்னத்தைத் திருத்துறது, மனுசி?"

"நானும் வருவன். கிழவனுக்கு முன்னால வைச்சுத் தருவன். அவர் அளந்து முடிய என்ர கையில திருப்பித் தரவேணும். கராஜுக்குள்ள வேலையெண்டால் நான் பக்கத்தில கதிரை போட்டிருப்பன். முடிய வாங்கிக்கொண்டு போவன். விளங்கிச்சோ?"

அத்தான் மழைத் துடைப்பானை வேகமாக்கினார். "கராஜ் ஒழுகுது" என்றார்.

"அப்ப முதல் கூரையைப் பாருங்கோ" என்றாள் அக்கா. கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள்.